அத்தியாயம் 3: தரகு வாங்காத தரகர்

சிறு நகரம் ஒன்றில் பத்துப் பேர் கூடி ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று சங்கம் தொடங்கினால், முதல் கூட்டத்தில் வரும் யோசனைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், ஏரிக்கரையில் மரக்கன்று, பெண்களுக்குத் தையல் மெஷின். துணிச்சல்காரர்கள் இருந்தால், சங்கமே ஊறுகாயோ சோப்போ தயாரித்து விற்கலாம் என்பார்கள். முதல் இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் ஊரின் வருமானத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. தையல் மெஷின் தொழில் வளர்ச்சி போலத் தோன்றும். தைத்ததை யார் வாங்குவார்கள் என்று கேட்காதவரை அதுவும் தானம்தான். சங்கமே வியாபாரத்தில் இறங்குவது ஆபத்து. அதைப் பின்னால் பார்ப்போம். தன்னார்வச் சங்கத்திடம் பெரிய பணம் கிடையாது, அதிகாரம் கிடையாது, தொழில் அனுபவமும் அநேகமாகக் கிடையாது. ஆனால் ஊரில் வேறு எவரிடமும் இல்லாத ஒன்று அதனிடம் உண்டு. ஊரில் நடக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலிலும் அதற்குப் பங்கில்லை. மண்டிக்காரருக்குக் கமிஷன், வங்கி மேலாளருக்கு வசூல் இலக்கு, கவுன்சிலருக்கு அடுத்த தேர்தல் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கும்போது, கணக்கில்லாமல் நடுவில் நிற்கக்கூடியது சங்கம் ஒன்றுதான். ஒருவரையொருவர் அறியாத, அறிந்தும் நம்பாத ஆட்களைச் சேர்த்துவைப்பதே அதன் முதல் வேலையாகவும், முடிந்தவரை ஒரே வேலையாகவும் இருக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

தமிழ்நாட்டின் சிறு நகரம் என்றால் சட்டப்படி பெரும்பாலும் பேரூராட்சி. 2022 உள்ளாட்சித் தேர்தலின்போது ஏறத்தாழ 490 பேரூராட்சிகள் இருந்தன. சுற்றியுள்ள கிராமங்களுக்குச் சந்தை, உரக்கடை, வங்கி, பேருந்து நிலையம் எல்லாம் இங்கேதான். தெருவில் நடந்தால் பாதி கிராமம். அரசுக் கோப்பில் முழு நகரம். இதனால் ஒரு சங்கடம் உண்டு. நூறு நாள் வேலை ஊராட்சி எல்லையோடு நின்றது. பேரூராட்சிக்குள் இருக்கும் விவசாயக் கூலிக்கு அது கிடைக்கவில்லை. நகரங்களுக்கான திட்டங்களோ பெருநகரத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஊர் இரண்டுக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது. எந்தத் திட்டம் தன் வார்டுக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று தெரிந்துவைத்திருக்கும் ஆள் கூட அங்கே அபூர்வம். இந்த ஒரு விவரத்தைச் சரியாகச் சொல்லக்கூடிய இடம் ஊரில் இருந்தாலே பலருடைய அலைச்சல் பாதியாகக் குறையும்.

அதற்கு முன் ஊரை எண்ண வேண்டும். இதற்கு முன்னோடி தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் 1929-30இல் குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கொண்டு அவர் நடத்திய பொருளாதார ஆய்வு, கிராம வளர்ச்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் வீடுவீடாகக் கணக்கெடுக்க வேண்டும் என்ற முறையை நிலைநாட்டியது. 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். உங்கள் சங்கம் அவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டியதில்லை. வீட்டு வருமானத்தைக் கேட்கவே வேண்டாம். யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், கேட்ட உடனே சந்தேகமும் வரும். ஆளை விட்டுவிட்டுச் சரக்கை எண்ணுங்கள். வாரச்சந்தையன்று எந்த ஊர் வண்டியில் என்ன வருகிறது, லாரி ஷெட்டிலிருந்து எது எத்தனை மூட்டை எங்கே போகிறது, மளிகைக் கடைகளுக்கு ஸ்டாக்கிஸ்ட் வேன் எதை இறக்கிவிட்டுப் போகிறது, இவை மூன்றையும் ஓர் அறுவடைக் காலத்திலும் ஒரு வறண்ட மாதத்திலும் குறித்துவைத்தால் போதும். கடலை விளையும் ஊரில் கடலை மூட்டையாக வெளியேறி எண்ணெய்ப் பாக்கெட்டாகத் திரும்பி வருவதை அந்த நோட்டு காட்டும். ஊரிலேயே மூன்று செக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவர்கள் எண்ணெயைப் பக்கத்துத் தெருக் கடைக்காரர் வாங்காமல் இருப்பார். காரணம் விலை என்று வெளியிலிருந்து தோன்றும். கேட்டுப் பார்த்தால் லேபிள் இல்லை, பில் இல்லை, மாதாமாதம் ஒரே அளவு சரக்கு வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று கடைக்காரர் அடுக்குவார். மூன்றும் பேசித் தீர்க்கக்கூடியவை. புதுத் தொழில் எதுவும் தேவைப்படவில்லை; இருக்கும் தொழிலுக்கும் இருக்கும் கடைக்கும் இடையிலுள்ள பத்தடியைக் கடக்க ஆள் தேவைப்பட்டது.

இது வெறும் ஊகமல்ல என்பதற்கு நாமக்கல்லே சாட்சி. கோழிப்பண்ணைக்காரர்கள் முட்டையை உற்பத்தி செய்தார்கள். விலையைத் தொலைதூர வியாபாரிகள் தீர்மானித்தார்கள். 1982இல் பண்ணையாளர்கள் சேர்ந்து உருவாக்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு முட்டை உற்பத்தியில் இறங்கவில்லை. பண்ணையாளர் தரப்பிலிருந்தே விலை அறிவிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. இன்று நாமக்கல் முட்டை விலை செய்தித்தாளில் தினமும் வருவதன் பின்னணி அதுதான். அறிவிக்கும் விலைக்குக் கீழேயும் விற்கிறார்கள் என்ற குறை அவ்வப்போது எழுவதுண்டு. ஆனாலும் பேரத்துக்கு உட்காரும் பண்ணையாளர் கையில் ஓர் எண் இருக்கிறது. கோவில்பட்டியில் வேறு வகை. அங்கே கடலை மிட்டாய் தலைமுறைகளாக இருக்கிறது. 2020இல் கிடைத்த புவிசார் குறியீடு மிட்டாயின் ருசியைக் கூட்டவில்லை. அந்தப் பெயரை யார் பயன்படுத்தலாம், எந்த மண்ணின் கடலை, எந்த ஊர் வெல்லம், எப்படிப் பாகு எடுப்பது என்பதெல்லாம் எழுத்தில் வந்தது. புவிசார் குறியீடு தனி ஆளுக்குக் கிடைக்காது. உற்பத்தியாளர்களின் சங்கமோ அவர்கள் சார்பான அமைப்போதான் விண்ணப்பிக்க முடியும். ஒருவரோடு ஒருவர் போட்டி போடும் கடைக்காரர்களை ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட வைப்பதுதான் அதில் கடினமான பகுதி. பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். மணப்பாறை முறுக்கும் உடன்குடிக் கருப்பட்டியும் 2023இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. உங்கள் ஊரிலும் அப்படி ஒன்று இருக்கலாம். இல்லாவிட்டாலும் குறையில்லை; குறியீட்டுக்காகப் பழம்பெருமையைப் புனையும் சங்கங்கள் நேரத்தை வீணாக்குகின்றன.

வெளிநாட்டு அனுபவமும் இதே பக்கம்தான் சாய்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பரன்ஸ் என்ற கடலோரச் சிறு நகரில் 1985இல் எர்னெஸ்டோ சிரோல்லி என்ற இத்தாலியர் ஒரு முறையைச் சோதித்துப் பார்த்தார். திட்டம் எதையும் கையில் கொண்டுபோவதில்லை, யாரையும் தொழில் தொடங்கச் சொல்லித் தூண்டுவதில்லை. தானாக வந்து கேட்பவருக்கு மட்டும், அவருக்குத் தெரியாததைத் தெரிந்த ஆளைத் தேடித் தருவது. மீனைத் தகர டப்பாவில் அடைத்து விற்கும் ஆலைக்குக் கிலோ 60 சென்டுக்குச் சூரை மீன் கொடுத்துவந்த ஐந்து மீனவர்கள் ஒன்றுசேர்ந்து, அதே மீனை ஜப்பானின் சுஷிச் சந்தைக்குக் கிலோ 15 டாலருக்கு அனுப்பத் தொடங்கினார்கள் என்று அவர் சொல்கிறார். சொல்பவர் அந்த முறையின் சொந்தக்காரர் என்பதால் எண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தே பார்க்கலாம். ஆனால் வழி தெளிவு: மீன் அதே மீன், வலை அதே வலை, மாறியது வாங்குபவர் மட்டுமே.

பெரிய ஆலை ஒன்று வந்தால் இந்தச் சில்லறை வேலையெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. ஆலை வந்தால் நல்லதுதான். ஆனால் நிலம், மின்சாரம், தண்ணீர், நெடுஞ்சாலை இவற்றைப் பார்த்து வரும் முதலீட்டை ஒரு பேரூராட்சியின் தன்னார்வச் சங்கம் மனுக் கொடுத்து வரவழைக்க முடியாது. மனுக் கொடுத்தே ஆண்டுகள் கழியும். அமெரிக்காவில் நெடுஞ்சாலை ஓரப் பேரங்காடிகளால் சிறு நகரக் கடைத்தெருக்கள் படுத்துவிட்ட காலத்தில், 1977இல் கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற மூன்று ஊர்களில் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை ஒரு சோதனை நடத்தியது. ஹாட் ஸ்பிரிங்ஸில் அப்போது ஐயாயிரம் பேர்கூட இல்லை. புதுக் கட்டடம் எழுப்பாமல் இருக்கும் கடைகளைச் சேர்த்து நடத்துவது, முகப்பைச் சீர்செய்வது, விழா வைத்துக் கூட்டம் சேர்ப்பது, காலியான கடைக்கு ஆள் பிடிப்பது என்று போனார்கள். 1980இல் அது தேசிய அளவில் மெயின் ஸ்ட்ரீட் இயக்கமாகி, பிறகு நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் பரவியது. நம் கடைத்தெரு அந்தக் கடைத்தெரு அல்ல. பழைய கட்டடத்தின் மீது அவர்களுக்கு இருக்கும் பாசத்தை நாம் அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்த மூன்று ஊர்களிலும் முழுநேரச் சம்பளத்துக்கு ஒரு மேலாளர் இருந்தார். எஸ்பரன்ஸிலிருந்து வளர்ந்த முறையிலும் அப்படித்தான்: உள்ளூர்த் தன்னார்வலர் குழு ஒன்று, அது தாங்கிப் பிடிக்கும் சம்பள ஆள் ஒருவர். தன்னார்வம் மட்டும் போதும் என்று எந்த ஊரும் நிரூபிக்கவில்லை.

சங்கத்தின் அன்றாட வேலையில் பாதிக்கு மேல் காகிதமாகத்தான் இருக்கும். இதற்கு வெட்கப்படக் கூடாது. 2020இல் தொடங்கிய உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான மத்திய திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திட்டச் செலவில் 35 சதவீதம், 10 லட்சம் ரூபாய்வரை மானியம். தொழில்முனைவோர் பங்கு குறைந்தது 10 சதவீதம். மீதி வங்கிக் கடன். வேலையற்ற இளைஞர்களுக்கான மாநிலத் திட்டமும் மாவட்டத் தொழில் மையம் வழியாக இதே பாதையில்தான் போகிறது. திட்டங்களின் பெயரும் விகிதமும் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் பாதை மாறுவதில்லை: கடன் கிடைத்தால்தான் மானியம். எனவே விண்ணப்பம் மாவட்ட அலுவலகத்தைத் தாண்டிவிட்டாலும் வங்கிக் கிளையில் படுத்துவிடும். இயந்திரத்துக்குக் கொட்டேஷன் சரியாக இல்லை, தொழில் நடக்கும் இடம் அப்பா பெயரில் இருக்கிறது, மைத்துனர் வாங்கிய பைக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டதால் சிபில் ஸ்கோர் விழுந்திருக்கிறது, திட்ட அறிக்கையில் எழுதிய மாத விற்பனையை எழுதியவரே நம்பவில்லை. இவை ஒவ்வொன்றையும் விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துச் சொல்ல முடியும். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவரும் கணினி தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவரும் வாரத்தில் இரண்டு மாலை உட்கார்ந்தால் போதும். சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆனாலும் பணம் கொடுத்துப் பதிந்தவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். அதே மேசையில் இன்னொரு சேவையும் நடக்க வேண்டும்: வேண்டாம் என்று சொல்வது. மானியம் வருகிறதே என்பதற்காக ஐந்து லட்சம் கடன் வாங்க நினைப்பவரிடம், மாதத் தவணை எவ்வளவு, அதைக் கட்ட எத்தனை கிலோ விற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டி அனுப்புவது. இதைத் தரகரால் செய்ய முடியாது, கடன் முடிந்தால்தான் அவருக்குக் கூலி. தண்டல்காரர் செய்யவே மாட்டார்.

இதெல்லாம் அரசு செய்ய வேண்டிய வேலை, தன்னார்வலர் தலையில் கட்டுவது நியாயமா என்பது கனமான ஆட்சேபம். அதிகாரிகளின் சோம்பலுக்குச் சங்கம் முட்டுக்கொடுக்கிறது என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. ஆனால் மாவட்டத் தொழில் மையத்தின் மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மாவட்டம் முழுவதற்கும் பொறுப்பானவர் உங்கள் ஊர் செக்குக்காரரின் திண்ணையில் வந்து உட்கார முடியாது. மேலே சொன்ன மத்திய திட்டமே விண்ணப்பதாரருக்குத் துணைநிற்க மாவட்ட வள நபர் என்று தனி ஆட்களை நியமிக்கச் சொல்கிறது. அந்த இடைவெளியை அரசும் ஒப்புக்கொள்கிறது என்றுதான் பொருள். சங்கம் செய்யக் கூடாதது, அலுவலகம் செய்ய மறுத்ததைத் தானே செய்துவிட்டுச் சும்மா இருப்பது. எந்த விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்ற பதிவேட்டை வைத்திருங்கள். ஒரு வருடப் பதிவேடு கையில் இருந்தால், மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர் கூட்டத்தில் அது பத்து ஆவேசப் பேச்சுக்குச் சமம்.

சங்கமே தொழில் நடத்தினால் வருமானமும் வரும், நாலு பேருக்கு வேலையும் கிடைக்கும் என்ற யோசனைக்கு இப்போது வரலாம். சங்கம் எண்ணெய் விற்கத் தொடங்கிய மறுநாளே ஊரிலுள்ள மூன்று செக்குக்காரர்களுக்கும் அது போட்டியாளர். நேற்றுவரை தங்கள் விலையையும் கடனையும் மறைக்காமல் சொன்னவர்கள் இனி எதற்குச் சொல்ல வேண்டும்? நன்கொடைப் பணத்தில் ஓடும் செக்கு நட்டத்தைத் தாங்கும், சொந்தப் பணத்தில் ஓடுவது தாங்காது. ஆக ஊருக்கு நல்லது செய்யப் போன சங்கம் ஊர்த் தொழிலையே மூடிவைக்கும். சட்டமும் இடிக்கும். பொதுநலன் என்ற பொதுவான வகையில் வருமான வரிவிலக்குப் பெற்ற அமைப்பு, வணிக வழியில் ஈட்டுவது அதன் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் விலக்கை இழக்கும். உண்மையிலேயே கூட்டாகத் தொழில் நடத்த வேண்டிய தேவை வந்தால் அதற்குத் தனி வழி இருக்கிறது. 2002இல் கம்பெனிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட உற்பத்தியாளர் நிறுவனம் என்ற வடிவத்தில் பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே பதிவு செய்யலாம்; பங்கும் லாபமும் நட்டமும் அவர்களுடையவை. சங்கம் பதிவுக்கு உதவலாம், முதல் வருடக் கணக்கைப் பார்த்துக் கொடுக்கலாம். இயக்குநர் நாற்காலியில் உட்காரக் கூடாது.

அப்படியானால் சங்கத்துக்கும் அந்த ஒரு சம்பள ஆளுக்கும் பணம் எங்கிருந்து வரும்? வெளிநிதியைத் தேடி ஓடுவதற்கு முன் நம் பக்கத்திலேயே இருக்கும் ஒரு பழைய ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் நாடார் வணிகர்களின் உறவின்முறை மகமை வசூலித்தது. ஊருக்குள் வந்துபோகும் சரக்கின் மீது ஒரு சிறு தொகை, வியாபாரம் நடக்கும்போதே பொதுக் கணக்குக்குப் போய்விடும். பேட்டைகளும் கிணறுகளும் பள்ளிகளும் அதில் எழுந்தன. காமராஜர் படித்த விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலாவுக்கு வீடுவீடாகப் பிடி அரிசியும் சேர்த்தார்கள். ஆண்டுக்கொருமுறை பெரிய மனிதர் ஒருவர் தரும் லட்சத்தைவிட, நூறு கடைகள் மாதம் இருநூறு தரும் இருபதாயிரம் வலுவானது. சம்பளத்துக்கு அது போதும் என்பது ஒரு பக்கம். பணம் கொடுக்கும் நூறு பேரும் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள் என்பது இன்னொரு பக்கம். பெரிய கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி மூன்று வருடத்துக்கு வரும், அவர்கள் விரும்பும் வேலைக்கு வரும், பிறகு நின்றுவிடும். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் ஊர்க்காரர்களின் உதவியை வாங்கலாம், ஒரு எச்சரிக்கையோடு: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் தருவது ஆகும், அதை வாங்க வெளிநாட்டு நன்கொடை பற்றிய 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனி அனுமதி தேவை. மாமன் மச்சான் என்று பார்த்து இதில் தவறினால் சங்கமே முடங்கும்.

மகமையைப் புகழ்ந்துவிட்டு அதன் எல்லையைச் சொல்லாமல் விட்டால் வாதம் நேர்மையாக இராது. அது ஒரு சாதிக்குள் இருந்த நம்பிக்கையில் ஓடிய ஏற்பாடு. பெண் கொடுத்து எடுத்த உறவும் விலக்கிவைக்கப்படுவோம் என்ற பயமும் அங்கே வசூலுக்குத் துணை நின்றன. ஒரு பேரூராட்சியில் பல சாதிகள், இரண்டு மூன்று மதங்கள், எல்லாக் கட்சிகளும் இருக்கின்றன. அங்கே பங்கில்லாத நடுவர் என்று யாரை நம்புவது என்ற கேள்விதான் இந்த அத்தியாயத்தின் வாதத்துக்கு எதிரான மிக வலுவான ஆட்சேபம். லாபத்தில் பங்கில்லாதவருக்கும் சாதியில் பங்கு உண்டு. இதற்கு முழு விடை கிடையாது, குறைத்துக்கொள்ளும் வழிகள்தான் உண்டு. கூட்டம் எங்கே நடக்கிறது என்பது முதல் விஷயம். ஒரு சமூகத்தின் திருமண மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ நடந்தால், காலனியிலிருந்து வரவேண்டிய கறிக்கடைக்காரரும் செருப்புக் கடைக்காரரும் வர மாட்டார்கள். வராததை அக்கறையின்மை என்று சங்கம் எழுதிக்கொள்ளும். நூலகம், அரசுப் பள்ளி, பேரூராட்சி அலுவலக வளாகம் என்று யாருக்கும் சொந்தமில்லாத இடம் வேண்டும். உதவி கேட்டு வந்தவர்கள் எந்தெந்தத் தெரு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால், எந்தத் தெருவிலிருந்து யாருமே வரவில்லை என்பது தெரிந்துவிடும்; அங்கே மேசையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் போக வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்காகத் தமிழக அரசு 2023இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியமும் வட்டிச் சலுகையும் இருக்கின்றன. அது தெரிய வேண்டியவர்களுக்கு உங்கள் ஊரில் தெரிந்திருக்கிறதா என்பதே சங்கத்தின் நடுநிலைக்கு ஒரு நல்ல சோதனை. கட்சி விஷயம் இதைவிட எளிது: பதவியில் இருக்கும் கட்சிக்காரர் சங்கத்தில் உறுப்பினராக இருக்கலாம், பொறுப்பில் இருக்கக் கூடாது.

பதிவு வடிவத்தையும் இந்த வாதத்தின்படியே தேர்ந்தெடுக்க வேண்டும். அறக்கட்டளை ஆரம்பிப்பது சுலபம். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம், முடிந்தது. ஆனால் அறங்காவலர்களை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, பெரும்பாலான பத்திரங்கள் அவர்களை ஆயுளுக்கும் அமர்த்திவிடும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். ஆண்டுதோறும் பொதுக்குழு, மாவட்டப் பதிவாளருக்குக் கணக்கு, நிர்வாகிகள் தேர்தல் என்று தொல்லைகள் அதிகம். அந்தத் தொல்லைகளுக்காகவே சங்கத்தைத் தேர்ந்தெடுங்கள். மாதம் இருநூறு தரும் கடைக்காரருக்கு ஓட்டு இருக்க வேண்டும். துணைவிதிகளில் வழக்கமாக நகலெடுத்துப் போடும் பத்திகளோடு மூன்று விதிகளைச் சொந்தமாகச் சேர்க்க வேண்டும். சங்கம் சேர்த்துவைத்த எந்த வியாபாரத்திலும் நிர்வாகியோ அவர் குடும்பத்தாரோ வாங்கவோ விற்கவோ கூடாது. அப்படி நேர்ந்தால் அன்றே பதவி போகும். கடன், சீட்டு, வைப்புத்தொகை எதையும் சங்கம் கையாளாது. மாதச் சந்தா தவிர, உறுப்பினர் பணம் ஒரு நாள்கூடச் சங்கத்தின் கணக்கில் தங்காது. இருவரைச் சேர்த்துவைத்து ஆறு மாதம் வியாபாரம் ஓடிவிட்டால் அந்தக் கோப்பை மூடி, கடிதங்களையும் கணக்கையும் அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். மீண்டும் அவர்கள் கூப்பிட்டாலொழியப் போகக் கூடாது. மூன்றாவது விதியை எழுதும்போது எவரும் எதிர்க்க மாட்டார்கள். நன்றாக ஓடும் ஒரு வியாபாரத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஆசை வரும்போதுதான் அது தேவைப்படும் என்பதால், திருத்துவதற்குப் பொதுக்குழுவில் நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும் என்று அதற்கு மட்டும் தனியாக எழுதிவையுங்கள்.